பாதிப் பொதி

பை லேசாக இருந்தது.

குளக்கரையில் பாதிச் சுற்று நடந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. மூச்சு வாங்கவில்லை. தோள்பட்டை இறங்கவில்லை. போன மாதம் இதே வேப்பமரத்தடியில் முட்டியில் கையூன்றி நின்றவள்.

தேறிவிட்டேன் என்று நினைத்தாள்.

அடுத்த அடியிலேயே அந்த நினைப்பு இடறியது. காலையில் மாவுப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க அவளால் முடியவில்லை. அப்படியே உள்ளே தள்ளிவிட்டு உப்புமா கிண்டினாள்.

முன்னால் கணவர் தண்டபாணி நடந்துகொண்டிருந்தார். அவர் முதுகிலும் ஒரு பை. எப்போதும் நிமிர்ந்து நடக்கும் மனுஷன், இன்று முன்பக்கம் சாய்ந்து நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதுகில் எடை வைத்து நடக்கச் சொன்னது டாக்டர்தான். புற்றுநோய் போய்விட்டது, ஆனால் மருந்தில் எலும்பு தேய்ந்திருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுங்கள் என்றார். அவள் பழைய ஜாக்கெட் துணிகளைப் பொட்டலம் பொட்டலமாகத் தைத்து மணல் நிரப்பினாள். மனைவியைத் தனியாக விட மனமில்லாமல், அவரும் ஒரு பையில் உப்பு பாக்கெட்டுகளைப் போட்டு மாட்டிக்கொண்டார்.

சென்ற பரிசோதனைக்குப் பிறகு இரண்டு பைகளையும் அவரே அடுக்குகிறார்.

“நீ குனியாத. நான் வெச்சுத் தர்றேன்.”

பெஞ்சு வந்தது. பைகளை இறக்கினார்கள். அவர் டீ வாங்கப் போனார்.

அவர் தலை மறையும்வரை காத்திருந்தாள். தன் பையின் ஜிப்பைத் திறந்தாள்.

மேலாக இரண்டு மணல் பொட்டலங்கள். அதன் கீழே மடித்த துண்டுகள். அடியில் பழைய பெட்ஷீட்.

அவர் பையைத் தூக்கிப் பார்த்தாள். பெஞ்சை விட்டு அசையவில்லை. அதையும் திறந்தாள்.

அவளுடைய பச்சை ஜாக்கெட். அவளுடைய மெரூன் ஜாக்கெட். மணல்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு அது வாயிலேயே நின்றது.

அந்தப் பரிசோதனையன்று டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் கூப்பிட்டார். கதவு வெகுநேரம் மூடியிருந்தது. வெளியே வந்தவர் அவளிடம் வராமல் நேராகத் தண்ணீர் குடிக்கப் போனார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்துதான் சொன்னார்.

“எல்லாம் நல்லா இருக்குதாமா. நடந்துட்டே இருக்கச் சொன்னாரு.”

அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு தாராபுரத்திலிருந்து அவள் அண்ணன் வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார். சாப்பிடும்போது அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் தினமும் போன் செய்கிறான். பிறந்தநாளைக்கூட மறந்துவிடுகிறவன். சீரியல் சத்தம் கேட்டாலே மாடிக்குப் போய்விடும் தண்டபாணி, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொண்ணு யாரு, இவனுக்கு என்ன முறை என்று கேட்கிறார்.

உடம்பு சரியில்லாமல் போனதில் எல்லோருக்கும் ஒட்டுதல் கூடிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

பையிலிருந்து இவ்வளவு எடுத்தவர்.

டாக்டர் சொன்னதிலிருந்து எவ்வளவு எடுத்தார்?

அவர் இரண்டு பேப்பர் கப்போடு வந்தார். திறந்து கிடந்த பைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“உனக்குத் தோள் வலிக்குமேன்னுதான்...”

“அன்னைக்கு டாக்டரு என்னங்க சொன்னாரு?”

“அதான் சொன்னேனே.”

குளத்துத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் துண்டுகளை உருவிப் பெஞ்சில் போட்டாள். பெட்ஷீட்டையும் போட்டாள். அவர் பைக்குள் கையைவிட்டு மணல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பையில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

நடக்க வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அவர் தடுக்கவில்லை. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஜிப்பை இழுத்து மூடினாள். பெஞ்சில் உட்கார்ந்து பட்டையில் தோளைக் கொடுத்தாள். எழுந்தாள். கால் ஒருமுறை தடுமாறியது. பிறகு ஊன்றிக்கொண்டது.

“இப்பச் சொல்லுங்க.”

கப்புகளைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். ஒன்று சாய்ந்து டீ வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

“உக்காரு அம்மிணி.”

அவள் உட்காரவில்லை.