சிவந்த ஸ்டீயரிங்

ஸ்டீயரிங்கில் பூசிய பாலிமர், ஓட்டுநரின் வியர்வையில் சர்க்கரை குறைந்தால் சிவந்துவிடும். தன் சர்க்கரை நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, சூசைராஜ் ஆறு மாதமாகக் கையுறை போட்டே பேருந்து ஓட்டினார்.

வால்பாறை மலையின் ஒன்பதாவது வளைவில் கை நடுங்கியது. பின்னால் நாற்பது பேர். கையுறையை உருவி எறிந்தார். தொட்ட இடமெல்லாம் சிவந்தது. வண்டியை ஓரங்கட்டினார்.

“என்னாச்சுங்ணா?” என்று ஓடி வந்தாள் நடத்துநர் பூவிழி.

“சக்கர எறங்கிருச்சும்மா. இத்தன நாளா மறச்சுட்டேன்.”

யாரும் திட்டவில்லை. முன்சீட்டுப் பெண்மணி தேன்மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டார்.

சிவப்பு மெல்ல மறைந்ததும் பூவிழி டிப்போவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். “அவராவே நிப்பாட்டுனாருங்க சார். அதனாலதான் நாங்க முழுசா இருக்கறோம். அவரையே இந்த ரூட்டுல விடோணும்.”

மறுமுனையில் டிப்போ மேலாளர் ஒப்புக்கொண்டார்.

“சரிம்மா. வண்டியிலேயே ஒரு மிட்டாய் டப்பா வெச்சுக்கச் சொல்லு.”