பதினோரு மணிக் கல்யாணம்

"இதையும் பாருங்க சார், என் பிறப்புச் சான்றிதழ்!"

பேருந்துக்குள் ஏறியிருந்த செர்பிய எல்லைக் காவலர், வின்கோ நீட்டிய தாளைத் தொடக்கூட இல்லை.

"நீங்க பொறந்ததுதான் கண்ணுக்குத் தெரியுதே, பெரியவரே. உட்காருங்க."

முப்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். வின்கோவுக்குக் காது சிவந்துவிட்டது.

"எல்லா எல்லையிலயும் நீட்டியாச்சு, ஒருத்தன் சீண்டலை. இதுக்காக என்னை ஆபீஸ் ஆபீஸா அலைய விட்டியே, மிலோய்கா! கண்ட தாள்லயெல்லாம் கையெழுத்து வேற வாங்கினே!"

"கேட்டா இல்லைன்னு முழிக்கக் கூடாதில்ல? கத்தாதய்யா. யஸ்னாகிட்ட குடு, பத்திரமா வெச்சிருப்பா" என்றாள் பக்கத்து இருக்கை மிலோய்கா.

வழிகாட்டி யஸ்னா அதை வாங்கித் தன் கோப்பில் செருகிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். "போயான், பதினோரு மணிக்குள்ள போயிடுவோமா?"

"பறந்துடுவோம்" என்றான் ஓட்டுநர் போயான். ஆறு நாளாகக் கசங்கிய பனியனோடு ஓட்டியவன், இன்று தேய்த்த வெள்ளைச் சட்டையும் டையுமாக இருந்தான்.

வின்கோ ஸ்லோவேனியாவில் கல்குவாரியில் உடம்பைத் தேய்த்து ஓய்வு பெற்றவர். மிலோய்கா அதே ஊரில் ரொட்டிக் கடைக்காரி. அவருக்கு மனைவி இல்லை, அவளுக்குக் கணவன் இல்லை. பதினோரு வருடமாக, "கட்டிக்கிறியா?" என்று இவர் கேட்பார். "இந்த வயசுல நான் கல்யாண முக்காடு போட்டு நின்னா ஊரே சிரிக்கும்யா" என்று அவள் ரொட்டி எடுக்கப் போய்விடுவாள்.

ஐந்து நாட்டுச் சுற்றுலாவுக்கு அவளே கூப்பிட்டதும், வின்கோ ஒரு மோதிரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். குரோஷியாவில் கடற்கரையில் கேட்டார். "அடுத்த எல்லை தாண்டட்டும்" என்றாள். மான்டினீக்ரோவில் படகில் கேட்டார், போஸ்னியாவில் சரயேவோ நகரத்தில் காபி ஆறும்வரை கேட்டார். அதே பதில்தான். இனி செர்பியாவும் மாசிடோனியாவும்தான் பாக்கி. அதற்குள் ஒரு 'சரி' வாங்காமல் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

"இன்னிக்கும் கேட்பேன்."

"கேளேன். யார் வேண்டாம்னா?"

மலையடிக் கிராமம் ஒன்றில் பேருந்து நின்றபோதே வெளியே எக்காளங்கள் முழங்கின. யஸ்னா ஒலிவாங்கியை எடுத்தாள்.

"சுற்றுலாக்காரங்களுக்காக இந்த ஊர்ல நடத்தற கல்யாண நாடகத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்மள்ல ஒரு மாப்பிள்ளை வேணும்!"

"வின்கோ!" என்று முதல் குரல் கொடுத்தவள் மிலோய்காதான்.

"என்னது, இன்னொருத்திக்கு மாப்பிள்ளையா?"

"எனக்குத் தலை வலிக்குது, நான் இங்கேயே படுத்துக்கறேன். நீ போய்ச் சபையில ஆடிட்டு வா."

வின்கோவுக்குச் சுருக்கென்றது. போகிறேன் பார் என்று இறங்கிவிட்டார்.

பெண் வீட்டு வாசலில் நெட்டை மரம் ஒன்று. அதன் உச்சியில் ஓர் ஆப்பிள் கட்டியிருந்தது. சுட்டு வீழ்த்தினால்தான் மாப்பிள்ளைக்கு வாசல் திறக்கும். கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். முதல் குண்டு மேகத்துக்குப் போனது. இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பொண்ணு எங்க வீட்டுலயே இருக்கட்டும், நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை!" என்று பெண் வீட்டார் விசிலடித்தார்கள்.

வின்கோ மூச்சைப் பிடித்தார். மூன்றாவது வெடியில் ஆப்பிள் இரண்டாகப் பிளந்து காலடியில் விழுந்தது. எக்காளம் காதைக் கிழித்தது. முகம் தெரியாதவர்களெல்லாம் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

முக்காடு போட்ட மணப்பெண் வந்தாள். தூக்கிப் பார்த்தால், உள்ளே ஒரு முரட்டு மீசை!

"என்ன மாப்பிள்ளை, நான் அழகா இல்லையா?" என்றார் மீசைக்காரர்.

"அழகுதான், குத்துது! வேற காட்டுங்க!"

போலிப் பெண்ணைத் தலையில் கட்டப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். அடுத்த பெண் வந்தாள். வின்கோ உஷாராக ஒற்றை விரலால் முக்காட்டைத் தூக்கினார்.

மிலோய்கா.

"தலைவலி?"

"போயிடுச்சு. எல்லையும் தாண்டியாச்சு. கேளுய்யா."

நாடகம்தானே என்று நினைத்தாலும் அவர் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "கட்டிக்கிறியா?"

"சரி."

பதிவாளர் தோரணையில் மூவண்ணப் பட்டை அணிந்த ஒருவர் மேசைமேல் தடித்த புத்தகத்தைத் திறந்தார். "முழுச் சம்மதமா?"

"பதினோரு வருஷமா!" என்று வின்கோ போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. அந்த வேகத்தில் நிஜ மோதிரத்தையே எடுத்து அவள் விரலில் போட்டுவிட்டார். கையெழுத்தும் போட்டார். சாட்சியாகப் போயானும் யஸ்னாவும் போட்டார்கள். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் மிலோய்கா.

விருந்துப் பலகையில் உட்கார்ந்ததும் வின்கோ பெருமூச்சு விட்டார்.

"நாடகமா இருந்தாலும் மனசு நிறைஞ்சிடுச்சு. ஆனா நாளைக்கு மாசிடோனியாவுல நிஜமாவே கேட்பேன், சொல்லிட்டேன்."

மிலோய்கா பாதி ஆப்பிளைக் கடித்தாள். முற்றத்திலிருந்து யஸ்னாவின் குரல் கேட்டது.

"எல்லாரும் சீக்கிரம் சாப்பிட்டுட்டு வாங்க! பன்னிரண்டு மணிக்கு நாடகக் கல்யாணம் ஆரம்பிக்கப் போகுது. யாரு மாப்பிள்ளையா நடிக்கறீங்க?"

"இன்னொரு தடவையா?" வின்கோ வாயைப் பிளந்தார். "அப்போ, இவ்வளவு நேரம் நடந்தது?"

"பின்னே, பிறப்புச் சான்றிதழை எதுக்குய்யா கொண்டு வரச் சொன்னேன்?" என்றாள் மிலோய்கா.