ஆறாவது கோட்டைச் சுவர்

லாட்ஜ் வாசலில் பெஞ்சைப் போட்டு வேலுசாமியை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு, பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர். சலூன் சின்னன் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி ரூம் கேட்டு வந்த ஒரு குடும்பம் தயங்கி நின்றது. “வேண்டுதலுங்களா?” என்று அந்த அம்மாள் பயபக்தியோடு கேட்டாள்.

“ஆமாங்க. சேர்வராயன் சாமி பேர்ல சத்தியம்,” என்றார் வேலுசாமியின் மாமனார் ராமசாமி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

லாட்ஜ் ராமசாமியுடையது, நடத்துவது மாப்பிள்ளை. போன சீசனில் ஹால் டீவியில் வீடியோ கேமை மாட்டி, இரும்புப் பானையைத் தலையில் கவிழ்த்த ஒரு குட்டி வீரனைக் குழி குழியாகத் தாண்ட வைத்துக்கொண்டிருந்தான் வேலுசாமி. தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று மழையில் நனைந்தபடி கவுண்டர் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டது.

அன்றைக்கே ராமசாமி அந்த கேம் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டார். கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டில் வைத்தார். “நம்மூட்டுல இனி எவன் அந்தப் பானைத்தலையனத் தொட்டாலும் மொட்டை போட்டுக்கோணும்!” என்று சொல்லி, தானே முதலில் கற்பூரத்தைக் கையால் அடித்துச் சேர்வராயன் சாமி பேரில் சத்தியம் செய்தார். வேலுசாமியும் அடித்தான்.

அடுத்த சீசன் வரை சத்தியம் நிலைத்தது. அப்புறம் பெங்களூர்க்காரர் ஒருவர் ரூமைக் காலி செய்தபோது கட்டிலடியில், கையில் பிடித்தே கேம் ஆடும் ஒரு கைப்பொட்டியை மறந்துவிட்டுப் போனார். அரைச் செங்கல் அளவு; பென்சில் பேட்டரியில் ஓடுவது. சும்மா அமுக்கிப் பார்த்த வேலுசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கலர் இல்லாத குட்டித் திரையில் அதே பானைத்தலையன்!

டீவியே இல்லையே, இதற்கு எப்படிச் சத்தியம் செல்லும் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். கவுண்டருக்கு அடியில் ஆறாவது கோட்டையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மாமனாரின் செருப்பு கண்ணில் பட்டது.

பெங்களூர்க்காரர் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று கைப்பொட்டி ராமசாமியின் பீரோவுக்குள் போனது. மொட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

“மாமா, கோடை விழா முடியட்டுங்க,” இப்போது பெஞ்சில் வேலுசாமி தன் பங்க் கிராப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். “லாட்ஜ்காரங்க சார்புல மேடையில வரவேற்புரை எனக்குங்க. கலெக்டரெல்லாம் வராருங்க. மொட்டைத் தலையோட எப்படீங்க மைக்கு முன்னால நிக்கறது?”

“சாமி என்ன சீசன் பாத்தா கேக்குது? தலையக் குனீங்க மாப்ள.” ராமசாமி தன் தலையைப் பெருமையாகத் தடவிக்கொண்டார். அறுபது வயதிலும் ஒரு நரை தெரியாது. அன்று காலை பூசிய சாயம் காக்கைக் கறுப்பில் மின்னியது.

“சேதி போட்டிருப்பாங்களே, ரேடியோவ வெக்கலீங்களா?” என்றார் சின்னன்.

ஜன்னலில் ராமசாமியின் குட்டி ட்ரான்சிஸ்டர் பேசாமல் கிடந்தது. சேதி கேட்காமல் சோற்றில் கை வைக்காத மனிதர். “பேட்டரி தீந்து போச்சு,” என்றார்.

“போன சந்தைக்குத்தானங்கப்பா புதுசா பென்சில் பேட்டரி வாங்கிப் போட்டீங்க?” என்றாள் வாசல்படியில் நின்ற மகள் அமுதா.

“அதான் தீந்து போச்சுங்கறன்ல!”

வேலுசாமி ட்ரான்சிஸ்டரை ஒரு கணம் பார்த்தான். பிறகு சமர்த்தாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னன் வெந்நீரை அள்ளித் தேய்த்தார். “ஏனுங்க, அந்தப் பானைத்தலையன் கடைசில என்னதானுங்க ஆனான்?”

“அத ஏனுங்க கேக்கறீங்க.” வேலுசாமி நீளமாகப் பெருமூச்சு விட்டான். “டீவியில ஆறாவது கோட்டையில அருவி கொட்டுமுங்க. மெதக்கற மரத்து மேல தாவித் தாவிப் போயிரலாம். இந்தக் கைப்பொட்டியில அருவியே கெடையாதுங்க. அந்த எடத்துல ஒரு சுவரு. குதிச்சுப் பாத்தேன், முட்டிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல.”

“அப்புறம் எப்படீங்க தாண்டறது?”

“தாண்டவே முடியாதுங்க. செஞ்சவன் மடையன், தப்பாச் செஞ்சுபுட்டான். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் ஆடுனாலும் அங்க தோத்துத்தான் ஆகோணும்.”

ராமசாமி தொண்டையைக் கனைத்தார். காலை மாற்றி நின்றார்.

“இந்த ஏற்காட்டுலயே ஒருத்தனுக்கும் அந்த மூளை கெடையாதுங்க சின்னண்ணா.”

கத்தி நெற்றி மயிரைத் தொட்டது.

“அட, வெவரமில்லாமப் பேசாதீங்க மாப்ள!” வெடித்தார் ராமசாமி. “சுவத்துல போயி முட்டிக்கிட்டே கெடந்தா? அதுக்கு முன்னால அவனக் குனிஞ்சு உக்கார வெச்சுப் பாருங்க. தரை தானாத் தொறக்கும். உள்ள எறங்குனா நேரா ஏழாவது கோட்டை! ஒரு சின்ன விசயம், அது தெரியாம நொம்ப...”

பேச்சு பாதியில் அறுந்தது. சின்னனின் கத்தி அந்தரத்தில் நின்றது. ராமசாமியின் கட்டைவிரல் மட்டும் இன்னும் காற்றில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

அமுதா ட்ரான்சிஸ்டரை எடுத்துப் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே பேட்டரியே இல்லை. கொடியில் காய்ந்த இன்னொரு வெள்ளைத் துண்டை உருவி உதறினாள்.

வேலுசாமி மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து, பெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

“வாங்க மாமா, பக்கத்துல எடம் இருக்குதுங்க.”