ஆபீஸ்காரங்க தங்குற ஓட்டல்

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொண்டதும் ராசாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலை நிறைய மல்லிகை, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவை, இடுப்பில் தன் மலையூர் மாரமங்கலத்துப் பலாப்பழம். மெட்ராசின் அத்தனை பெரிய ஓட்டலுக்கு இப்படியொரு விருந்தாளி வந்தே இருக்கமாட்டாள்!

புருஷன் குழந்தைவேலுக்குக் காப்பிக் கம்பெனியில் உத்தியோகம். ஊர் ஊராகப் போய் ஓட்டலில் தங்குவதே பிழைப்பு. மாசத்துக்கு ஒருதரம் மலையேறி வந்து முகம் காட்டிவிட்டுப் போவான்.

"என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டால், "அது ஆபீஸ்காரங்க தங்குற ஓட்டலு புள்ள. குடும்பத்தையெல்லாம் உடமாட்டாங்க" என்பான். அவளும் அப்படியே நம்பிக் கிடந்தாள்.

மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டும் அருள்சாமிதான் சிரித்தான். "யாருங்கக்கா சொன்னது? பொண்டாட்டி புள்ளையோட தாராளமாத் தங்கலாமுங்க."

அவ்வளவுதான். மெட்ராசில் எந்த ஓட்டல் என்று கம்பெனியில் விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ரெண்டு நாளாவது அவனோடு சேர்ந்து இருக்கவேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

"ஏனுங்க, சேலத்துக் காப்பிக் கம்பெனிக்காரரைப் பாக்கோணும். அவிங்க ஊட்டுல இருந்து வாரேனுங்க" என்றாள், வரவேற்பில் இருந்தவனிடம். புருஷன் பேரை எப்படிச் சொல்வாள்?

"வீட்டு வேலைக்கு இருக்கிற அம்மாவா? நல்லவேளை வந்தீங்க. பாப்பா காலையிலேர்ந்து ஒரே அழுகை."

எந்தப் பாப்பா? ராசாத்திக்கு விளங்கவில்லை. வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறான் என்று விட்டுவிட்டாள்.

லிஃப்ட் திறந்தது. குழந்தைவேல் வந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை. பக்கத்தில், கழுத்தில் தாலியோடு ஒருத்தி.

ராசாத்தியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது.

"யாருங்க இவங்க?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

பாவி, படுபாவி! ராசாத்திக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஓட்டலே அதிரக் கத்தவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து, அந்தக் குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவன் மூக்கு, அவன் கன்னத்துக் குழி. அப்பன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

எத்தனையோ சாமியிடம் அவள் கேட்டும் கிடைக்காத குழந்தை. பலாப்பழத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்தாள்.

"நான் அத்தை, சாமி. உங்கப்பன்கூடப் பொறந்தவ."