ஏழாம் நம்பர் டப்பா

"காலைல வச்சதை இன்னும் தொடலையா? என் சமையல்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரம்," என்று கணவரிடம் பொரிந்துவிட்டுப் போனை வைத்தார் குடல் நோய் ஆராய்ச்சியாளர்.

உதவியாளர் தயங்கி நின்றாள். "மேடம், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவங்ககிட்ட வாங்கின மல மாதிரிகள்ல ஏழாம் நம்பர் சரியில்லை. கொடுத்தவரோட நோய் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்கிட்டிருக்கு."

"நோயாளி டப்பாவை மாத்தி வச்சிருப்பே."

"இல்ல மேடம். திரும்பவும் செஞ்சு பார்த்துட்டேன்."

"அப்போ ரொம்ப நாளா இருந்திருக்கும். பாவம், ஒரு வாய் சாப்பிடவே பயந்திருப்பாங்க. வீட்ல இருக்கிறவங்களுக்குக் கண்ணு எங்கே போச்சு?"

உதவியாளர் தரையைப் பார்த்தாள். "ஆள் கிடைக்கலைன்னு நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்த டப்பா மேடம்."

ஆராய்ச்சியாளர் கணவரை மறுபடி அழைத்தார்.

"சாப்பாடு கிடக்கட்டும்," என்றார். "வயிறு எப்படி இருக்கு?"