கெடுத்து வைத்த ஹீட்டர்

"சரியாயிடுச்சா? ரொம்ப நல்லது. இப்போ அதை மறுபடி பழையபடியே கெடுத்து வெச்சிடும்மா."

லூப்பே கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

வீடு மாதிரியான கேரவன் வண்டிகளை நிறுத்தித் தங்கும் அரிசோனாவின் பூங்காக்களில் பதினேழு வருஷமாக வண்டிகளைப் பழுது பார்க்கிறாள். வேலை சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சரியானதைக் கெடுக்கச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

சொன்னவள் ஆர்டிஸ். எழுபதைத் தாண்டியவள். வருஷா வருஷம் பனி விழ ஆரம்பித்ததும் மினசோட்டாவிலிருந்து புருஷனோடு கேரவனில் கிளம்பி வந்து, மார்ச் வரை இந்தப் பாலைவன வெயிலில் தங்குகிறவள்.

காலையில் போனில் கூப்பிட்டபோதே ஒரு மாதிரியாகத்தான் பேசினாள். வேனைப் பொதுக் குளியலறைக்குப் பின்னால் மறைவாக நிறுத்த வேண்டுமாம். ஒன்பதுக்கு மேல் வந்து பத்துக்குள் போய்விட வேண்டுமாம். அந்த நேரத்தில்தான் புருஷன் ஹார்லன் பூங்காவின் பொதுக் கூடத்துக்குக் காபி குடிக்கப் போவாராம்.

பூங்கா அலுவலகத்தில் லூப்பே கேள்விப்பட்டது வேறு. இங்கே வந்து சேர்ந்த நாலு நாளாகக் கிழவர் வண்டியின் வெந்நீர் ஹீட்டரோடு மல்லுக்கு நிற்கிறார். சூடேற்றும் கம்பியைப் புதிதாக மாற்றினார். கேஸ் குழாயை ஊதித் துடைத்தார். ஆனாலும் வருவது என்னவோ வெதுவெதுப்புதான். நேற்று மனைவி மேல் அவர் எரிந்து விழுந்தது பக்கத்து வண்டி வரை கேட்டதாம்.

லூப்பேவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றினாள். ஊரில் உறைபனி நேரத்தில் வண்டியை மூடி வைக்கும்போது, தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போக ஒரு வால்வைத் திறந்து வைப்பார்கள். கிளம்பும்போது கிழவர் அதை மூட மறந்திருக்கிறார். அது வழியாகப் பச்சைத் தண்ணீர் வந்து வெந்நீரோடு கலந்துகொண்டே இருந்தது. வால்வைக் கொஞ்சம் திருகினாள். குழாயில் ஆவி பறந்தது.

அதைத்தான் இந்த அம்மாள் கெடுக்கச் சொல்கிறாள்.

கத்தினதற்குப் பழிவாங்கப் பார்க்கிறாள், கிழவர் இன்னும் நாலு நாள் தரையில் புரளட்டும் என்று நினைக்கிறாள் போல. லூப்பேவுக்கு எரிச்சலாக வந்தது.

"மேடம், உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதீங்க. ஒரே ஒரு வால்வு. அவர் வந்ததும் இதுதான்னு சொல்லிட்டா முடிஞ்சது."

ஆர்டிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

ஹார்லன் ஊரில் முப்பத்தோரு வருஷம் இதே மாதிரி வண்டிகளைத்தான் பழுது பார்த்தார். ஞாபகம் நழுவ ஆரம்பித்திருப்பதாக டாக்டர் சொன்னபோது அவர் நம்பவில்லை. போன வாரம் வரும் வழியில் ஒரு பூங்காவில் குளித்துவிட்டுத் திரும்பியவர், யாருடைய வண்டிக் கதவையோ சாவி போட்டுத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் கருவிகளை எல்லாம் பெட்டியில் போட்டு மூடினார். இதைக்கூடச் சரி பண்ணத் தெரியாதவன் இனி எதற்கு ஆவேன், வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

"எது கெட்டிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே அவரை அங்க கொண்டுபோய் விட முடியும்? அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியில செருப்பைத் தள்ளி விட்டுட்டு, எடுத்துத் தரச் சொல்லப் போறேன். குனிஞ்சா அந்தப் பலகை கண்ணுல படும். அதுக்கப்புறம் கை தானா போயிடும்மா."

லூப்பே வால்வைப் பழையபடி திருப்பினாள். பலகையை மாட்டினாள். வாசல்வரை வந்த ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

அதே பூங்காவில் இன்னொரு வண்டியின் ஒழுகும் கூரை மிச்சம் இருந்தது. அதை முடித்துவிட்டு மதியம் ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள் லூப்பே. நெடுநெடுவென்று ஒரு பெரியவர் குளியலறைக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஈரத் தலையை வாரியிருந்தார். முகம் சிவந்திருந்தது, நன்றாகச் சூடான தண்ணீரில் குளித்த சிவப்பு.

வேனில் 'கேரவன் ரிப்பேர்' என்று எழுதியிருந்ததை நின்று படித்தார்.

"நீதானாம்மா அது?"

எதைக் கேட்கிறார் என்று தெரியாதவள்போல லூப்பே ஏணியைக் கட்டினாள்.

"வால்வு மேல தூசி படிஞ்சிருந்தது. அதுல புதுசா விரல் தடம். என்னோடது இல்ல" என்றார் ஹார்லன். கோபம் இல்லை குரலில். "நானா அதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். டாக்டர் சொன்னது சரிதான்."

அப்படியானால் வண்டியை விற்றுவிடுவீர்களா என்று லூப்பே மெல்லக் கேட்டாள்.

இல்லை, மார்ச் வரை இருக்கப் போவதாகச் சொன்னார். என் புருஷனே கண்டுபிடித்துவிட்டார் என்று ஆர்டிஸ் இந்தப் பக்கத்து வண்டியில் சொல்லி, அந்தப் பக்கத்து வண்டியிலும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நாலு நாளுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாளாம்.

திரும்பி நடக்கத் தொடங்கியவர், என்னவோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"நீ வந்தது எனக்குத் தெரியாது. நான் இங்க வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்மா."