நரம்பில் கோளாறு

“நீ கூப்பிடுறது காதுல விழாமலா இருக்கு? மூளை சொல்றது காலுக்குப் போய்ச் சேர நேரமாகுதுடி. எனக்கென்ன இருபது வயசா?” தில்லைநகர் கிளினிக் வாசலிலும் எரிந்து விழுந்தார் சவரிராயன்.

“அதைத்தான் பார்த்துடுவோம்னு கூட்டிட்டு வந்தேன். உள்ள நடங்க” என்றாள் மனைவி இருதயமேரி.

மாவுக்கட்டுப் போட்ட அவள் கை விண்விண்ணென்று தெறித்தது. அந்தக் கையோடுதான் காலையில் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் லிசி சவரிராயனின் கையிலும் காலிலும் லேசாகக் கரண்ட் வைத்து, நரம்பின் வேகத்தை அளந்து பார்த்தார்.

“அறுபத்தெட்டு வயசுக்கு அருமையா இருக்கு சார். வயசானா வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனா அது கண் சிமிட்டுற நேரம்கூட இல்ல.”

இருதயமேரி பொங்கிப் பொங்கி அழுதாள்.

“நல்ல ரிசல்ட்டுக்கு ஏம்மா அழறீங்க?”

“ஏதாவது கோளாறு இருக்கணும்னுதான் டாக்டர், மாதாகிட்ட வேண்டிக்கிட்டு வந்தேன். அன்னைக்கு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு கத்துனேன். இவரு அடுத்த ரூம்லதான் டிவி பார்த்துட்டு இருந்தாரு. எந்திரிச்சு வர அரை மணி நேரமாச்சு.”